வானில் நிற்கும் மணிக்கூடு

வழிகாட்டிச் செய்மதி என்பது வானில் நிறுத்தி வைத்த ஒரு மணிக்கூடு. தான் எங்கே நிற்கிறது, இப்போது நேரம் என்ன என்ற இரண்டையும் வானொலி அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதே அதன் வேலை. கீழேயுள்ள கருவி, அலை தன்னிடம் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அது புறப்பட்ட நேரத்தைக் கழித்து, வரும் வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கும். செய்மதி எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது அதில் கிடைத்துவிடும். மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடமும் தெரிந்துவிட வேண்டும். ஆனால் கையிலுள்ள கருவியின் மணிக்கூடு மலிவானது. அதை நம்ப முடியாது. அதன் பிழையையும் சேர்த்துக் கணக்கில் கண்டுபிடிக்க நான்காவது செய்மதி ஒன்று வேண்டும். நான்குக்குக் குறைந்தால் கணக்கு நிற்காது.

இதில் பிசகுக்கு இடமே இல்லை. ஒரு நானோசெக்கனில் ஒளி 30 சென்ரிமீற்றர் போய்விடும். மணிக்கூடு ஒரு மைக்ரோசெக்கன் தவறினால் கீழே 300 மீற்றர் தவறும். பத்திரிகைகளில் படமாக வருவது நெருப்பும் புகையுமாகக் கிளம்பும் ரொக்கெட்தான். அந்தப் பயணம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும் மணிக்கூட்டின் பாடு.

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் வருவது குச்சவெளி. வட அகலக்கோடு 8 பாகை 49 கலை, கிழக்கு நெட்டாங்கு 81 பாகை 6 கலை. கிழக்கே திறந்த வங்காள விரிகுடா. விடிவதற்கு முன் இருட்டோடு கடலில் தள்ளும் வெளியிணைப்பு இயந்திரப் படகில், வலை, எரிபொருள் கலன், தண்ணீர்ப் போத்தல் இவற்றோடு பொலித்தீன் பையில் சுற்றிய கையடக்கக் கருவியொன்றும் ஏறுகிறது. கருவி உயிர்பெற்றதும் திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பட்டைகள் எழும். ஒவ்வொரு பட்டையும் ஒரு செய்மதி. நான்கு பட்டைகள் நிறையும்வரை இடம் காட்டும் எண்கள் வராது. வந்தபின் போன வாரம் மீன் பட்ட கடலடிப் பார் எந்தப் பக்கம், எத்தனை கடல்மைல் என்று அம்புக்குறி காட்டும்.

கருவி வருவதற்கு முன்னரும் பாரைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களே கடலுக்குப் போனார்கள். கரையில் தெரியும் மலை, மரம், கோபுரம் என்று இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்ப்படுத்துவது ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டை நேர்ப்படுத்துவது மறு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பார் கிடக்கும். குமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள். செய்மதி செய்வதும் ஏறக்குறைய இதுவே. அடையாளம் கரையில் நிற்காமல் வானில் நிற்கிறது, கோணத்துக்குப் பதிலாக நேரம் அளக்கப்படுகிறது, கரை மறைந்த பிறகும் வேலை செய்கிறது.

வானில் அடையாளம் நிறுத்தும் யோசனை ஒரு தற்செயலில் பிறந்தது. 1957 ஒக்ரோபர் 4இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பிரயோக பௌதிக ஆய்வுகூடத்தில் கைர், வைஃபென்பாக் என்ற இருவர் அதன் ஒலியைப் பதிந்தார்கள். நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்டது. அந்த மாற்றத்தை வைத்தே செய்மதியின் பாதையைக் கணித்தார்கள். செய்மதியின் பாதை தெரிந்தால் கேட்பவர் நிற்கும் இடத்தைக் கணிக்கலாமே என்று கணக்கைத் திருப்பிப் போட்டதில் வந்தது டிரான்சிற் திட்டம். அதன் முதல் செய்மதி 1959 செப்டெம்பரில் சுற்றுப்பாதையை எட்டவில்லை. 1960 ஏப்ரல் 13இல் ஏவிய 1பி எட்டியது. இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் ஜி.பி.எஸ். தொகுதியின் முதல் செய்மதி 1978 பெப்ரவரி 22இல் ஏவப்பட்டு, 1995இல் 24 செய்மதிகளோடு தொகுதி முழுமை பெற்றது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பும் வழக்கத்தை அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் நிறுத்தியது. ஒரே இரவில் உலகெங்கும் கருவிகளின் துல்லியம் பல மடங்கு கூடியது. வைத்திருப்பவர் விரும்பினால் கூட்டலாம், குறைக்கலாம் என்பதை அந்த ஓர் இரவே மற்ற நாடுகளுக்கு விளக்கிவிட்டது.

இந்தியா தனக்கென்று ஒரு தொகுதி அமைக்க 2006இல் அனுமதி வழங்கியது. ஒதுக்கீடு 1,420 கோடி ரூபாய். உலகம் முழுவதற்கும் வழிகாட்ட இருபதுக்கு மேற்பட்ட செய்மதிகள் வேண்டும். தன் நிலமும் அதைச் சுற்றி 1,500 கிலோமீற்றரும் போதுமென்றால் ஏழே போதும். ஆனால் அந்த ஏழும் எப்போதும் கண்ணெதிரே நிற்க வேண்டும். ஜி.பி.எஸ். செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அரை நாளுக்கு ஒருமுறை புவியைச் சுற்றி வருகின்றன, தோன்றும், மறையும். இந்தியா தேர்ந்தது 36,000 கிலோமீற்றர் உயரம். அங்கே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் புவி தன்னைச் சுற்ற ஆகும் நேரமும் ஒன்றே. மூன்று செய்மதிகள் மத்திய கோட்டுக்கு நேர்மேலே 32.5, 83, 131.5 பாகை நெட்டாங்குகளில் அசையாமல் நிற்பதற்கு. மூன்றாவது இடம் பின்னர் 129.5 ஆனது. மற்ற நான்கும் 29 பாகை சரிந்த பாதைகளில், 55, 111.75 பாகை நெட்டாங்குகளில் சோடி சோடியாக, நாளுக்கு ஒருமுறை வடக்கும் தெற்குமாக வானில் எட்டுப் போட்டுக்கொண்டிருப்பதற்கு.

1,500 கிலோமீற்றர் வட்டத்துக்குள் இலங்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. அடங்குவது மட்டுமா, நல்ல இடத்திலும் இருக்கிறது. 83 பாகை இருக்கைக்கு 2014 ஒக்ரோபர் 16இல் ஏவிய, இந்தியத் தொகுதியின் 1சி செய்மதி அனுப்பப்பட்டது. குச்சவெளியின் நெட்டாங்கு 81. கணக்குப் போட்டால் அந்த இருக்கை குச்சவெளி அடிவானத்திலிருந்து சுமார் 79 பாகை உயரத்தில், உச்சிக்குச் சற்றுத் தெற்கே வருகிறது. தொகுதியை வடிவமைத்தவர்கள் குச்சவெளியை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தியாவின் வட மாநிலங்களைவிட இந்தக் கரைக்கு அது நெருக்கமாக நிற்கிறது.

ஏவுதளத்தின் கதையிலும் இலங்கை இருக்கிறது. அங்கே உதவியாக இல்லை, தடையாக. ஆந்திரக் கரையோரத்தில், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் சிறீஹரிகோட்டாத் தீவிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கீறினால் அது பருத்தித்துறைப் பக்கம் கரையேறும். குச்சவெளி அந்த ஏவுதளத்திலிருந்து ஏறக்குறைய 550 கிலோமீற்றர். எரிந்து முடிந்த பாகங்கள் குடியிருப்புகளின் மேல் விழக்கூடாது என்பதால், துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதிகளைச் சுமக்கும் ரொக்கெட்டுகள் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டிய பின் பறக்கும்போதே தெற்கே திரும்புகின்றன. திரும்ப எரிபொருள் செலவாகும். செலவான அளவுக்குச் சுமை குறையும். பெரிய ரொக்கெட்டுக்கு இது தாங்கக்கூடிய வரி. எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ரொக்கெட்டுக்கு அநியாய வரி. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28இல் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதன் முக்கியக் காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடலைத் தவிர எதுவுமில்லை.

வழிகாட்டிச் செய்மதிகளுக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படுவதில்லை. அவை கிழக்கே போக வேண்டியவை. புவி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் சிறீஹரிகோட்டாவில் நிற்கும் ரொக்கெட்டுக்கு, கிளம்பும் முன்னரே செக்கனுக்கு 450 மீற்றர் வேகம் இலவசமாகக் கையிலிருக்கிறது. அந்த இலவசத்தைத் தள்ளிவிட்டுத் தெற்கே போக யாருக்கும் மனம் வராது.

தொகுதியின் முதல் செய்மதி ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ, 2013 ஜூன் 12இல் கிளம்ப வேண்டியது. பி.எஸ்.எல்.வி.-சி22 ரொக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில், திசை திருப்பும் இயக்கி ஒன்று சோதனையில் கோளாறு காட்டியதால் நாள் தள்ளிப்போனது. இயக்கியை மாற்றி, ஜூலை 1 இரவு 11.41க்கு ஏவினார்கள். நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன் என்ற நேரம் நல்ல நாள் பார்த்து வந்ததல்ல. சரிந்த பாதையின் தளம் விண்வெளியில் ஒரு குறித்த திசையில் அமைய வேண்டும். புவி சுழன்று ஏவுதளத்தை அந்தத் தளத்துக்குக் கீழே கொண்டுவரும் வேளையில்தான் கிளம்ப முடியும்.

அந்த ரொக்கெட் 44 மீற்றர் உயரம், 320 தொன் எடை. நடுவே திண்ம எரிபொருள் நிறைத்த முதற்கட்டம், அதைச் சுற்றி ஆறு துணை மோட்டார்கள். நான்கு தரையிலேயே பற்றின. மிச்சமிரண்டும் 25ஆவது செக்கனில் ஆகாயத்தில் பற்றின. இரண்டாம் கட்டம் விகாஸ் என்ற திரவ இயந்திரம். அந்த இயந்திரங்கள் சோதித்துப் பார்க்கப்படும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. மூன்றாவது மீண்டும் திண்மம், நான்காவது மீண்டும் திரவம். திண்மம் தள்ளும், திரவம் திருத்தும். திண்மத்தைப் பற்றவைத்தால் வாணம் போலத்தான், எரிந்து முடிந்தே தீரும். திரவத்தைத் திறக்கலாம், மூடலாம், நினைத்த வேகத்தில் நிறுத்தலாம். கடைசிக் கட்டம் திரவமாக இருப்பது அதனாலேயே.

குச்சவெளிக் கரையில் நிற்பவருக்கு இந்த ஏவுதல் தெரியுமா? 550 கிலோமீற்றர் தொலைவில், புவியின் வளைவு ரொக்கெட்டின் முதல் 24 கிலோமீற்றர் உயரத்தை மறைத்துவிடும். அதன்பின் அது அடிவானத்துக்கு மேலே வர வேண்டும். முதற்கட்டம் எரிந்து முடிவதற்குள் இது நடந்துவிடும். ஜூலை சோழகக் காலம். கிழக்குக் கரையில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும் மாதம். வடக்கே அடிவானத்தில் மங்கலான ஒரு பொட்டு எழுந்து, ஏறுவது போலவும் கிழக்கே நகர்வது போலவும் தோன்றி, சில நிமிடங்களில் வலப்பக்கம் கடலின் மேல் மறையும். சத்தம் கேட்காது. பகலில் கிளம்பினால் ஒன்றுமே தெரியாது. பழவேற்காட்டு மீனவருக்கு நிலைமை வேறு. ஏவும் நாட்களில் அவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. ரொக்கெட் அவர்களுக்கு முதலில் ஒரு நாள் தொழில் இழப்பு, பிறகுதான் காட்சி.

கிளம்பி இருபது நிமிடத்தில் 1ஏ ரொக்கெட்டிலிருந்து பிரிந்தது. அரங்கில் கைதட்டினார்கள். 1ஏ கிளம்பி ஏறக்குறைய எட்டரை மணித்தியாலம் கழித்து, கசக்ஸ்தானின் பைகோனூரிலிருந்து ரஷ்யாவின் புரோட்டோன் ரொக்கெட் மூன்று குளோனாஸ் வழிகாட்டிச் செய்மதிகளோடு கிளம்பியது. மேலே போக வேண்டியது சில செக்கன்களிலேயே ஆடி, தலைகீழாகக் கவிழ்ந்து, நெருப்புக் கோளமாகத் தரையில் மோதியது. திரும்பும் வேகத்தை அறியும் உணரிகள் சில தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. ரொக்கெட் நேராக நின்றது. உணரி கவிழ்ந்துவிட்டோம் என்றது. அதை நம்பிய கணினி ரொக்கெட்டை உண்மையாகவே கவிழ்த்துவிட்டது. ஓர் இரவுக்குள் ஒரு நாடு தன் முதல் வழிகாட்டிச் செய்மதியைப் பெற்றது, இன்னொரு நாடு மூன்றை இழந்தது.

ரொக்கெட்டிலிருந்து பிரிந்த செய்மதி போக வேண்டிய இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது நேரடி ஒளிபரப்பில் சொல்லப்படாமல் போய்விடுகிறது. 1ஏ விடப்பட்ட பாதையில் புவிக்கு மிகக் கிட்டிய புள்ளி சுமார் 284 கிலோமீற்றர், எட்டிய புள்ளி 20,650 கிலோமீற்றர். நீண்டு மெலிந்த முட்டை வடிவம். வேண்டியதோ 36,000 கிலோமீற்றரில் வட்டம். மிச்ச ஏற்றம் செய்மதியின் சொந்தப் பொறுப்பு. 1,425 கிலோகிராம் எடையில் எரிபொருளைக் கழித்தால் எஞ்சுவது 614 கிலோகிராமே. பாதிக்கு மேல் சுமை, ஏறுவதற்கும் பின்னர் இடம் நகராமல் பிடித்து நிற்பதற்குமான எரிபொருள். கர்நாடகத்து ஹாசனிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து கட்டளை போக, செய்மதியின் 440 நியூட்டன் இயந்திரம் நாட்கணக்கில் தவணை தவணையாக எரிகிறது. நாற்பத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்கும் விசைதான் அது. காற்றில்லாத இடத்தில் அது போதும். கிட்டிய புள்ளியில் எரித்தால் எட்டிய புள்ளி உயரும், எட்டிய புள்ளியில் எரித்தால் கிட்டிய புள்ளி உயரும். இப்படி மாறி மாறி ஏற்றி வட்டமாக்குகிறார்கள்.

இந்த இடத்தில் தவறினால் என்னவாகும் என்பதை, தொகுதியின் புதிய வரிசைச் செய்மதியான என்.வி.எஸ்.-02 காட்டியது. 2025 ஜனவரி 29 காலை 6.23க்கு ஜி.எஸ்.எல்.வி.-எஃப்15 அதைச் சுமந்து கிளம்பியது. சிறீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல் அது. குமரி மாவட்டத்தவரான வி. நாராயணன் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற பின் நடந்த முதல் ஏவுதலும் அதுவே. ரொக்கெட் தன் வேலையைக் குறையின்றிச் செய்தது. செய்மதி தன் இயந்திரத்தை எரிக்க முனைந்தபோது ஒட்சியேற்றியை உள்ளே விடும் வால்வுகள் திறக்கவில்லை. எரிபொருள் இருந்தது, இயந்திரம் இருந்தது, திறக்க வேண்டிய வால்வு மட்டும் திறக்கவில்லை. 111.75 பாகைக்குப் போக வேண்டிய செய்மதி, ரொக்கெட் விட்ட முட்டைப் பாதையிலேயே நின்றுபோனது.

இதற்கு நேர் எதிரான விபத்து 2017 ஓகஸ்ட் 31இல் நடந்தது. பி.எஸ்.எல்.வி.-சி39 சுமந்த 1எச் செய்மதியில் பழுதில்லை. காற்று மண்டலத்தைத் தாண்டும்வரை செய்மதியைப் பொத்தி வைத்திருக்கும் வெப்பக் கவசம், தாண்டியதும் இரண்டாகப் பிளந்து விழ வேண்டும், அது பிளக்கவில்லை. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட வீண் சுமையோடு ரொக்கெட் வேகம் குறைந்து ஓடியது. கடைசியில் செய்மதி ரொக்கெட்டிலிருந்து பிரிந்தும் கவசக் கூட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. எட்டு மாதத்துக்குள், 2018 ஏப்ரல் 12இல், அதற்குப் பதிலாக 1ஐ ஏவப்பட்டது.

ரொக்கெட்டில் இந்த ஒரு தவறைத் தவிர்த்தால் தொகுதி ஒழுங்காகவே வளர்ந்தது. 2014 ஏப்ரலில் 1பி, ஒக்ரோபரில் 1சி, 2015 மார்ச்சில் 1டி, 2016இன் முதல் நான்கு மாதத்துக்குள் 1ஈ, 1எஃப், 1ஜி. ஏழாவது ஏறிய 2016 ஏப்ரல் 28 அன்று இந்தியப் பிரதமர் மோடி தொகுதிக்கு நாவிக் என்று பெயர் சூட்டினார். வடமொழி சார்ந்த மொழிகளில் மாலுமி என்ற பொருளும் அதற்குண்டு. பெயர் பொருத்தமானதே. ஆனால் பெயர் வைத்த கையோடு மணிக்கூடுகள் நிற்கத் தொடங்கின.

ஒவ்வொரு செய்மதியிலும் மூன்று ருபீடிய அணு மணிக்கூடுகள். ஒன்று ஓடும்; மற்றவை அது நின்றால் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும். ருபீடிய அணு இரண்டு நிலைகளுக்கிடையே தாவும்போது உண்டாகும் அதிர்வின் எண்ணிக்கை மாறுவதேயில்லை. அதை எண்ணியே நேரம் பிரிக்கப்படுகிறது. சாதாரண மணிக்கூட்டில் தெரியாத ஒரு தொல்லையும் இதில் உண்டு. ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கைப்படி, ஈர்ப்பு குறைந்த உயரத்தில் மணிக்கூடு விரைந்து ஓடும். வேகமாக நகரும்போது மெதுவாகும். நாவிக் உயரத்தில் முந்தியது பிந்தியதை வென்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 மைக்ரோசெக்கன் முந்துகிறது. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கில் 14 கிலோமீற்றர் பிழை சேரும். குச்சவெளியிலிருந்து நிலாவெளியை நெருங்கும் தூரம் அது. இதற்கான திருத்தத்தோடு, பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள பைலாலு மையத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கூட்டின் நடையும் இரவு பகலாகக் கண்காணிக்கப்படுகிறது.

சுவிற்சர்லாந்திலிருந்து வாங்கிய அந்த மணிக்கூடுகளில், 1ஏயிலிருந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டதை 2017 ஜனவரியில் இஸ்ரோ ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில் ஐரோப்பிய விண்வெளி முகவரகமும் தன் கலிலியோ வழிகாட்டிச் செய்மதிகளில் ஒன்பது மணிக்கூடுகள் செயலிழந்ததாகச் சொன்னது. அவற்றில் மூன்று ருபீடிய வகை. செய்மதிக்கு மின்சாரம் இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, வானொலி பேசுகிறது, நேரம் மட்டும் சொல்லத் தெரியவில்லை. அப்படிப்பட்ட செய்மதி ஒரு வழிச் செய்தி அனுப்ப உதவும். இடம் கணிக்க உதவாது. 1ஏக்குப் பின் வேறு சில செய்மதிகளுக்கும் இதே நிலை வந்தது.

இந்தியா தானே மணிக்கூடு செய்யத் துணிந்தது இந்த அனுபவத்தில்தான். அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய ருபீடிய மணிக்கூடு, 2023 மே 29இல் ஜி.எஸ்.எல்.வி.-எஃப்12 ஏற்றிச் சென்ற என்.வி.எஸ்.-01இல் முதன்முறை பறந்தது. செய்மதியின் எடை 2,232 கிலோகிராம், பி.எஸ்.எல்.வி. சுமக்கக்கூடிய அளவைத் தாண்டியதால் கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும் மேற்கட்டம் கொண்ட பெரிய ரொக்கெட் வேண்டியிருந்தது. ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். இன்னொரு மாற்றமும் அதிலுண்டு. மூத்த செய்மதிகள் எல்5, எஸ் என்ற இரு அலைவரிசைகளில் மட்டும் பேசின. கைத்தொலைபேசிகளும் மலிவான கருவிகளும் பெரும்பாலும் கேட்பதோ ஜி.பி.எஸ். பேசும் எல்1 அலைவரிசை. வீட்டுக்கு வீடு வேறு வானொலி வாங்கச் சொல்வது போன்ற இந்த ஏற்பாடு நாவிக்கின் பரவலை ஆண்டுக்கணக்கில் பின்னுக்கு இழுத்தது. என்.வி.எஸ். வரிசையில்தான் எல்1 சேர்ந்தது.

இரண்டு அலைவரிசை வைத்ததற்கு நியாயமான காரணமொன்று உண்டு. குச்சவெளி போன்ற இடங்களுக்கே அது அதிகம் பொருந்தும். புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21இல் இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவைத் தெரிந்தெடுத்ததும் அந்தக் கோட்டுக்காகவே. சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயன மண்டலம் இந்தப் பட்டையில் குழம்பிக் கிடக்கும். பொழுது சாய்ந்தபின் அதில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் கிளம்பி மேலேறும். அவற்றுக்குள்ளால் வரும் அலை, சூடான தார் வீதிக்கு மேல் தெரியும் உருவம் போலத் துடிக்கும். மார்ச், செப்டெம்பரை அண்டிய மாதங்களில், சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், முன்னிரவில் கருவியின் பட்டைகள் காரணமின்றி ஏறி இறங்குவது இதனாலாகலாம். அயன மண்டலம் குறைந்த அதிர்வெண்ணை அதிகமாகவும் கூடிய அதிர்வெண்ணைக் குறைவாகவும் தாமதப்படுத்தும். 1,176 மெகாஹேர்ட்ஸில் வரும் எல்5உம் 2,492இல் வரும் எஸ்உம் எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்று பார்த்தால் தாமதத்தை அளந்து கழித்துவிடலாம்.

இந்தக் கரையில் உயரக் கணக்கும் ஒரு விந்தை. செய்மதிகள் அளப்பது, புவிக்குப் பொருத்திய கணித வடிவமொன்றின் பரப்பிலிருந்துள்ள உயரம். உண்மைக் கடல்மட்டம் அந்தப் பரப்போடு எல்லா இடத்திலும் ஒட்டுவதில்லை. உலகிலேயே அது மிகத் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், சுமார் 106 மீற்றர் கீழே. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. அந்தப் பள்ளத்தின் சரிவில் இலங்கை முழுவதும் கிடக்கிறது. அதனால் குச்சவெளி மணலில் அலை காலை நனைக்க நிற்பவரின் திருத்தாத உயரம், கடல்மட்டத்துக்கு 90 மீற்றருக்கு மேல் கீழே என்று வரும். கருவிகள் இந்த வித்தியாசத்தைத் தமக்குள்ளிருக்கும் அட்டவணையால் சரிசெய்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டுகின்றன. மீன்பிடிக்கு உயரம் தேவையில்லை. நில அளவையாளருக்குத் தலைவலி.

கடலில் தேவைப்படுவது கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. இந்து சமுத்திரப் பகுதியில் 20 மீற்றருக்குள் இடம் காட்டுவதே நாவிக் வைத்த இலக்கு. ஒரு பாரைக் கண்டுபிடிக்க அது தாராளம். 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே வரைந்த எல்லைக்குக் கடலில் வேலியுமில்லை, மிதவையுமில்லை. அது அகலக்கோடு நெட்டாங்கு எண்களாக மட்டுமே இருக்கிறது. எண்ணால் வரைந்த கோட்டை எண் காட்டும் கருவியில்லாமல் பார்க்க முடியாது. தாண்டிவிட்டான், தாண்டவில்லை என்ற வழக்கில் சாட்சியாக நிற்பதும் அந்தக் கருவியே.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி, கேரளக் கரைகளை அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கைத்தொலைபேசி அலை கரையிலிருந்து சில கிலோமீற்றருக்கு அப்பால் எட்டாது. அதன்பின் நாவிக் செய்தி வாங்கும் கருவிகள் கேரள, தமிழக மீனவருக்குக் கொடுக்கப்பட்டன. நின்றுபோன மணிக்கூட்டோடு மிதக்கும் செய்மதிகளுக்கும் இப்படி ஒரு வேலை கிடைத்தது. ஆனால் அது கேட்கும் காது மட்டும், பேசும் வாயில்லை. ஆபத்தென்று படகிலிருந்து திருப்பிச் சொல்ல வழியில்லாத குறையைப் போக்க, வேறு தொடர்பாடல் செய்மதி வழியாக இருபக்கமும் பேசும் ஒரு இலட்சம் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் திட்டத்தை இந்தியா 2024 ஓகஸ்டில் தொடங்கியது. இலங்கையில் கட்டாயம் வேறு வழியாக வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீன் இறக்குமதியைத் தடைசெய்து 2016இல் நீக்கியது. அந்த இடைவெளியில் ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகள் தம் இடத்தைச் செய்மதி வழியே கரைக்கு அறிவிக்கும் கருவியைப் பொருத்த வேண்டியதாயிற்று. திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாள் படகுக்கு அந்தச் சட்டம். குச்சவெளி மணலில் இழுத்துப் போட்டிருக்கும் சிறு படகுக்கு பொலித்தீன் பைக்குள் இருக்கும் கருவியே கதி. அது ஜி.பி.எஸ்., சிலவற்றில் குளோனாஸ் கேட்கும். நாவிக் கேட்க, அதற்கென்று செய்த சில்லு வேண்டும். 2020க்குப் பின் வந்த கைத்தொலைபேசிகள் சிலவற்றில் அது இருக்கிறது.

2025இன் நடுப்பகுதியில் இந்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, ஏவிய 11 செய்மதிகளில் இரண்டு உரிய இடத்தை அடையவில்லை, ஒன்று ஓய்வு பெற்றது, நான்கு செய்தி அனுப்ப மட்டும் பயன்பட்டன. இடமும் நேரமும் சொல்ல அப்போது மிஞ்சியவை நான்கு. கணக்குப் போடத் தேவையான அதே நான்கு. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. நான்கும் வானில் பரந்து நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கினால் கிடைக்கும் விடையும் மங்கும், ஒன்று பராமரிப்புக்காக விலகினால் விடையே வராது. அடுத்தடுத்த என்.வி.எஸ். செய்மதிகள் இந்தக் குறையை நிரப்பத் திட்டமிடப்பட்டவை.

அந்த நான்கில் இளையது என்.வி.எஸ்.-01. அதன் இருக்கை 129.5 பாகை. குச்சவெளிக் கரையில் கிழக்கே கடலைப் பார்த்து நின்றால் அது அடிவானத்திலிருந்து சுமார் 34 பாகை உயரத்தில், நேர் கிழக்குக்குச் சற்று வலப்பக்கமாக, இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்கிறது. விடிவெள்ளி அந்தப் பக்கமாக ஏறி நகர்ந்து மறையும். இது நகராது, கண்ணுக்கும் தெரியாது. அதிலிருந்து கிளம்பும் நேரம் கரையை வந்தடைய ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்கு ஆகிறது.